கூப்பிட்டால் திரும்பும் கிளி

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில், பூச்சோங்கில் மகனோடு இருக்கும் நண்பர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பேரப்பிள்ளைகள் கிளி வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்களாம். பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுக்கு எந்தக் கிளி சரிப்பட்டு வரும் என்று கேட்டார். அவ்வளவுதான். அதுவரை காலை வணக்கமும் ரோஜாப்பூவும் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திடீரென்று பறவை நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் லவ் பேர்ட்ஸ் என்றார். இன்னொருவர், கொண்டோவில் கிளியே ஆகாது, பக்கத்து வீட்டுக்காரன் புகார் கொடுப்பான் என்று பயமுறுத்தினார். டெங்கிலில் வீடு வாங்கிப் போனவர், ‘ஜன்னலத் தொறந்து வைங்க லா, செம்பனைத் தோட்டத்துலருந்து அதுவே வரும்’ என்று எழுதினார். நான் மட்டும் வாயே திறக்கவில்லை. ‘என்னா டீச்சர், சைலண்டா இருக்கீங்க? ஒங்க வீட்லதானே கிளி இருந்துச்சி?’ என்று யாரோ கிளறிவிட்டார்கள்.

இருந்தது. இரண்டு வரியில் எழுதி அனுப்பக்கூடிய கிளி இல்லை என்பதால்தான் சும்மா இருந்தேன். இப்போது நேரம் இருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எல்லோரும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள்தான். இருந்தாலும் உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு வேலியும் சாக்கடையும்தான். ரயில் வந்தால் அலமாரியில் பீங்கான் தட்டுகள் கிலுகிலு என்று ஆடும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை அப்படியே நிறுத்தி, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சண்டை போடுகிறவர்களும் அப்படித்தான். பந்திங் தோட்டத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கண் சிவக்கக் கிளம்பிப் போவார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். சத்தத்துக்கு அசையாமல் இருப்பது எங்களுக்கு ஒரு பெருமை. எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், ரயில் பெட்டிகளை மோதிக் கோக்கும் அந்த இடிச் சத்தத்தில் அது தூங்குகிறதா என்று பார்ப்பார்கள். தூங்கினால், ‘அசல் ரயில்வே புள்ள’ என்று பட்டம் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பட்டத்தை என் தங்கச்சி அளவுக்கு யாரும் வாங்கியதில்லை. இடி இடித்தாலும் அசையமாட்டாள். அதோடு இன்னொரு விசேஷமும் அவளிடம் இருந்தது. எங்கள் யாருக்கும் கேட்பதற்கு முன்பே ரயில் வருவது அவளுக்குத் தெரிந்துவிடும். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று எழுந்து வேலிக்கு ஓடுவாள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் கழித்து ரயில் வரும். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அவர் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தவர். தன் தொழில் பிள்ளையின் ரத்தத்தில் இறங்கிவிட்டதாகவே நம்பினார்.

ஆனால் தங்கச்சி பேசவில்லை. ஐந்து வயது தாண்டியும் ஒரு சொல் இல்லை. சிரிப்பாள், அழுவாள், வேண்டியதைக் கையை நீட்டிக் காட்டுவாள். கிளினிக்கில் நர்ஸ், காது கேட்கிறதா என்று ஒருமுறை கேட்டாராம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘காதா? ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்னாடியே இவளுக்கு ரயில் கேட்டுடும் மிஸ்ஸி’ என்றிருக்கிறார். நர்ஸும் சிரித்துவிட்டு, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சர்ச் பாலர் பள்ளியில் சேர்த்தோம். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ரொம்பப் பிடிவாதம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் போனால் ஒன்றாம் வகுப்பு. பேசாத பிள்ளையை எந்தப் பள்ளியில் எடுப்பார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்த கவலை.

பழி அம்மா மேல் விழுந்தது. அம்மா இயல்பிலேயே பேசாதவள். சர்ச்சில் பாட்டுக்கூட உதட்டளவில்தான் பாடுவாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கிள்ளானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவாள். அம்மாவுக்கு நேர் எதிர் குணம், அவள் வந்தால் ரயிலே தோற்றுவிடும். மனதில் கள்ளம் கிடையாது. கை நிறையப் பலகாரமும் வாய் நிறையப் பேச்சுமாக வந்து உட்காருவாள். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“நீ வாயத் தொறந்தாத்தானேம்மா அது வாயத் தொறக்கும்? புள்ள காதுல ஒரு பேச்சு விழணும்ல? வீடா இது, பொணம் பொதைக்கிற சிமித்ரியாட்டம் இருக்கு.”

மறுநாளிலிருந்து அம்மா பேச ஆரம்பித்தாள். தங்கச்சியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, செய்கிற வேலையை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். “இது வெங்காயம். அம்மா வெங்காயம் நறுக்கறேன். இது கத்தி, தொடக்கூடாது. அம்மா சொல்லு. அம்மா.” காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டுத்தான். பழக்கமில்லாத தொண்டை, பொழுது சாய்வதற்குள் கட்டிப் போய்விடும். வெந்நீரில் குலா மலாக்கா வெல்லத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். தங்கச்சி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படிப் பல மாதம் போனது.

பிறகுதான் அத்தை கிளிப் பேச்சை எடுத்தாள். கிளி கடித்த பழத்தைக் கொடுத்தால் பேச்சு வராத பிள்ளைக்கும் பேச்சு வந்துவிடும் என்று அவள் வீட்டுப் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். அம்மா தயங்கினாள்.

“நம்ம சபையில இதெல்லாம் தெரிஞ்சா என்னா சொல்லுவாங்க அண்ணி?”

“பழத்துக்கு ஏதும்மா மதம்? கிளியப் படைச்சதும் ஆண்டவர்தானே? நீ சும்மா இரு.”

கிளி வாங்குவது என்று ஆயிற்று. எந்தக் கிளி என்பதில்தான் ஆளுக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை, பகலில் தூங்குகிறவர். ரயில் சத்தத்தில் குறட்டை விடுவார், நாங்கள் குசுகுசுவென்று பேசினால் எழுந்துவிடுவார். அதனால் கத்தாத கிளி வேண்டும் என்றார். அம்மாவுக்குப் பிள்ளையின் விரலைக் கடிக்காத கிளி வேண்டும். அத்தைக்குப் பேசுகிற கிளி. பேசாத கிளி கடித்த பழத்தில் என்ன பலன் இருக்கும் என்பது அவள் வாதம். எனக்கு அப்போது பத்து வயது. படத்தில் வருகிற மாதிரி கழுத்தில் சிவப்பு வளையம் இருந்தால் போதும். யாருக்காக வாங்கினோமோ அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

கிள்ளானுக்கு பஸ்ஸில் போனோம். துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பறவைக் கடை. தானியத் தூசும் எச்சமும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கடைக்காரர் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம். வெள்ளைத் தொப்பி, கைலி, நாக்கில் சர்க்கரை. அப்பா விஷயத்தைச் சொன்னதும் கடையைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

“வீட்ல சின்னப் புள்ள இருக்குல்ல? அப்ப இந்த வெள்ளக் கொண்டைக்காரன் வேணாம், வெரல எடுத்துடுவான். இந்தக் குட்டிப் பய இருக்கானே, பாக்க அழகு, கத்தவும் மாட்டான். ஆனா பேச மாட்டான். நாளெல்லாம் தலகீழாத் தொங்குவான், அவ்ளோதான். இது தோட்டத்துக் கிளி. கூண்டுல போட்டா ஏக்கத்துலயே போயிடும், பாவம் லா. ஒங்களுக்கு நம்ம ஊருக் கிளிதான் சரி.”

நம் ஊர்க் கிளிகள் ஒரே கூண்டில் ஏழெட்டு இருந்தன. வளையம் போட்ட ஒன்றை நான் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

“வளையம் வந்துட்டா வயசாயிடுச்சின்னு அர்த்தம்மா. அது இனிமே கத்துக்காது. எளசா எடுக்கணும். பேசற கிளிய எப்படிப் பாக்கறதுன்னு சொல்றேன், தெரிஞ்சி வச்சிக்குங்க. எறக்கையப் பாக்காதீங்க, மூக்கப் பாக்காதீங்க. பின்னால நின்னு கையத் தட்டணும். எது திரும்பிப் பாக்குதோ அதுக்குக் காது நல்லா இருக்கு. கேக்கற கிளிதான் பேசும் அண்ணே. கேக்காதது கடைசி வரைக்கும் கீக்கீன்னு கத்திக்கிட்டுத்தான் கெடக்கும்.”

சொல்லிவிட்டுப் பளார் என்று கையைத் தட்டினார். கடை முழுக்கச் சிறகடிப்பு. அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் துள்ளித் திரும்பினேன். வளையம் இல்லாத ஒரு சின்னக் கிளி தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. ‘இதான், இதான்’ என்று அத்தை கத்தினாள். அப்பாவுக்கும் திருப்தி. எங்களுக்குப் பின்னால், அந்தக் குட்டிப் பறவையின் கூண்டுக்கு முன்னால் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அது தலைகீழாகத் தொங்கியது, அவளும் தலையைக் கவிழ்த்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவே இல்லை. இது உண்மையான ஞாபகமா, பின்னால் நானே மனதில் வரைந்துகொண்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று நாங்கள் எல்லோரும் கிளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலைக்கு ஆகாத பழைய சிக்னல் கம்பியை வளைத்து அப்பாவே கூண்டு செய்தார். மைலோ டின்னை வெட்டித் தண்ணீர்க் குவளை. அந்தக் கூண்டு எங்கே போனதென்று இப்போது யாருக்கும் தெரியாது. அத்தை வாரா வாரம் கொய்யாப்பழம் கொண்டுவருவாள். கிளி இரண்டு கொத்துக் கொத்தியதும் அதைப் பிடுங்கித் தங்கச்சியின் வாயில் வைப்பாள். தங்கச்சிக்குக் கொய்யா பிடிக்கும், சப்பிச் சப்பித் தின்பாள். கிளி கோபத்தில் கத்தும். அது கத்தும்போதெல்லாம் தங்கச்சி ஓடிப்போய்க் கூண்டுக் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு சிரிப்பாள். கிளி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நாங்கள் உருகிப்போனோம். கம்பி அதிர்வது அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அம்மா பேச்சை நிறுத்தவில்லை. வெங்காயம், கத்தி, அம்மா சொல்லு. இப்போது கேட்பதற்கு இன்னொரு ஆளும் இருந்தது, கூண்டில்.

பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மழை பெய்த மதியம். நான் ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி கூண்டுக்குக் கீழே, கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரப்பர் விதைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அம்மா” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

அம்மா ஓடிவந்தாள். அவள் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஈரக் கை, கையெல்லாம் அரிசி. தங்கச்சி முன்னால் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “கூப்டியா? அம்மாவக் கூப்டியா? இன்னொரு தடவ சொல்லுடா தங்கம்.” அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அம்மாவிடம் பிறகும் பார்த்ததில்லை. தங்கச்சி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்போது கூண்டிலிருந்து குரல் வந்தது.

“அம்மா சொல்லு. அம்மா.”

அம்மா சொல்வதைப் போலவே, அதே கெஞ்சல். எனக்கு ஒரே குதூகலம். கிளி பேசுது, கிளி பேசுது என்று குதித்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கிளியையும் பார்க்கவில்லை. தலைக்கு மேல் கிளி மறுபடி மறுபடி கூப்பிடுகிறது. நான் கூச்சல் போடுகிறேன். தங்கச்சி விதையை அடுக்கத் திரும்பிவிட்டாள். அவளையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மெதுவாக அவள் முதுகுப் பக்கம் போனாள். அந்தக் கடைக்காரர் மாதிரியே கையைத் தட்டினாள். மறுபடி பலமாகத் தட்டினாள். அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியையும் கரண்டியையும் எடுத்துவந்து அடித்தாள். கிளி மிரண்டு கம்பியில் மோதியது. தங்கச்சி அடுத்த விதையை எடுத்து வைத்தாள்.

அம்மா அழவில்லை. மூடியைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னாள். அப்பா நம்பவில்லை. கோபம்தான் வந்தது.

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? ரயில் வர்றது நம்ம எல்லாருக்கும் முன்னாடி அவளுக்குத்தான் கேக்குது.”

“கேக்கலங்க. தரையில ஒக்காந்திருந்தாத்தான் ஓடறா. கட்டில்ல இருந்தா ஓட மாட்டா. நாளெல்லாம் பாக்கறது நான்தானே. தரை அதிர்றது காலுக்குத்தான் தெரியுது அவளுக்கு.”

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு இன்ஜின் நின்றிருந்தது. டிரைவர் அப்பாவின் நண்பர், பீடி பிடித்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருந்தார். அப்பா தங்கச்சியைத் தோளில் ஏற்றி, இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“ஒரு ஹார்ன் அடி லா!”

“சும்மா அடிச்சா மேலதிகாரிக்குப் பதில் சொல்லணும் அண்ணே. என்னாத்துக்கு?”

“அடின்னா அடியேன்!”

அடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். சாக்கடை ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. தங்கச்சி அப்பாவின் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இன்னொரு தடவை என்று கையைக் காட்டினார். டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு இந்த முறை நீளமாக அடித்தார். தொப்பி அவள் கண்ணை மறைத்தது. அதைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். டிரைவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவள் கணுக்கால் இரண்டையும் இறுகப் பிடித்தபடி நின்றார். எப்போதும் வேலியருகே இறக்கி ஓடவிடுகிறவர், அன்று இறக்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி, பிறகு வெளியூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி, ஒவ்வொரு விடுமுறைக்கும் ரயில் பயணம். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். தையல் வேலை செய்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டாள். வீடியோ காலில் இரண்டு கையாலும் என்னைத் திட்டுவாள், நான்தான் பதில் சொல்லத் தடுமாறுவேன். கிளியை அத்தை தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அதன் குரலை அம்மாவால் தாங்க முடியவில்லை. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் அந்தக் கிளி பல வருஷம் அவளை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தான் சொன்ன அந்தப் பேச்சுக்காக அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தைப் பற்றி. அப்பா தங்கச்சியோடு திரும்பி வந்தபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஹார்ன் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா தங்கச்சியை அவள் முன்னால் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

“இத்தன நாளா யாருகிட்டங்க பேசிக்கிட்டு இருந்தேன்?” என்றாள் அம்மா. தொண்டை கட்டிப் போயிருந்தது. “ஒரு வார்த்த கூடவா போயிச் சேரல?”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கச்சிக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து வாயிலிருந்து விலக்கினாள். மோவாயைத் தூக்கித் தன் பக்கம் திருப்பினாள். பிறகு அம்மாவின் எதிரே நிமிர்ந்து நின்றுகொண்டு வாயைத் திறந்தாள். உதடுகள் சேர்ந்தன, கொஞ்ச நேரம் அழுந்தி இருந்தன, மறுபடி திறந்தன. சத்தம் இல்லை. அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பவும் செய்தாள். பழக்கப்பட்ட ஒன்றைச் செய்கிற மாதிரிதான் செய்தாள். நாங்கள் எல்லோரும் காதை வைத்துக்கொண்டே காத்திருந்தோம். எத்தனை நாளாக அவள் அப்படி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னம்மா,” என்றாள், “இங்கதான் இருக்கேன்.”